வெளியே போயிருக்கும் துணி

நவம்பர் 3, ஞாயிறு. நகோயா

வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. நூல் மில்காரர் புதுவருஷத்துக்குக் கொடுத்த டைரி பத்து மாதமாய் வெற்றாகக் கிடந்தது, அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று. மகள் ஆபீஸ் போய்விட்டால் பேசுவதற்கு இங்கே சுவர்தான்.

எதற்கு வந்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிரவீணா எனக்கு ஒரே மகள். நாலு வருஷமாய் இங்கே கார்க் கம்பெனி ஒன்றில் வேலை. கூட வேலை பார்க்கிற ஜப்பான்காரப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்கிறாள். அவள் அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை. பதினெட்டாம் தேதி எனக்குத் திரும்ப விமானம். அதற்குள் இந்தப் பேச்சை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். ஈரோட்டில் முப்பது வருஷமாய்த் துண்டு, பெட்ஷீட் மொத்தக் கடை நடத்துகிறவள் நான். பிடிக்காத சரக்கை யார் மனமும் கோணாமல் திருப்பி அனுப்பத் தெரியும்.

ஏர்போர்ட்டுக்கு அந்தப் பையனும் வந்திருந்தான். பெயர் யூசுகே. இடுப்பு வரை குனிந்து, "வாங்கம்மா. பிரயாணமெல்லாம் சௌரியமுங்களா?" என்றான். இவள்தான் மூன்று வருஷமாய்த் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அச்சாக எங்கள் ஊர்ப் பேச்சு. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஏம்மா, வந்ததும் வராததுமா அவரை மொறச்சுப் பாக்கற?" என்றாள் காரில்.

"நான் எங்க கண்ணு மொறச்சேன்? என்ற மொகமே அப்படித்தான்."

நவம்பர் 4, திங்கள்

இங்கே இன்று விடுமுறை. அந்தப் பையன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். அரிசியும் பருப்பும் சாதம் செய்தேன். விருந்தாக இல்லை, அதுதான் சுலபம். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். பிறகு கேட்காமலேயே பாத்திரம் கழுவ நின்றுவிட்டான். குக்கர் மூடியின் ரப்பரைக் கழற்றிக் கழுவி, விசில் வெயிட்டுக்குள் அடைத்திருந்த பருப்பைக் குச்சியால் குத்தி எடுத்தான். இதெல்லாம் நடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் முப்பது வருஷமாய் எங்கள் வீட்டில் அந்த வெயிட்டை வேறு யாரும் குத்தி எடுத்ததில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

மழை. சாயங்காலம் யூசுகேவும் வர, காய்கறி வாங்கப் போனோம். குடையை என் பக்கமே பிடித்துக்கொண்டு வந்தான். அவன் தோள் முழுக்க நனைந்துவிட்டது. குடை பிடிக்கத் தெரியவில்லை என்று பிரவீணாவிடம் சொன்னேன்.

நவம்பர் 7, வியாழன்

இன்று சாயங்காலம் யூசுகேவின் அம்மா வந்தார். பெயர் சச்சியே. வயது அறுபது இருக்கும். கணவர் இல்லை. இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனால் மலைக்குள் ஒரு சின்ன ஊர், அங்கே பழைய கைவினைப் பொருள்களை வைத்திருக்கும் மியூசியத்தில் வேலை பார்க்கிறாராம். ஒல்லி உடம்பு, சாம்பல் நிற உடுப்பு, நகையென்று ஒரு பொட்டுக்கூட இல்லை. பெண் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர் காதில் ஒரு கம்மலாவது போட்டிருக்கலாம்.

கையில் ஒரு துணி மூட்டை. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மூட்டையை முன்னால் வைத்து, முடிச்சில் கை வைத்தார். பிரித்துக் காட்டப் போகிறார் என்று தெரிந்தது. எங்கள் பக்கம் விருந்தாளி கொண்டு வந்ததை அவர் கண்ணெதிரே பிரிப்பது அல்பத்தனம். வாங்கினதும் அப்படியே உள்ளே கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். "குடுங்க, குடுங்க" என்று இரண்டு கையாலும் வாங்கி, அலமாரியில் பிரவீணா வைத்திருக்கும் முருகன் படத்தின் முன்னால் வைத்து, விளக்கையும் ஏற்றிவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாள் பாதி எழுந்த நிலையில், கையை நீட்டியபடியே இருந்தார். பிறகு மெல்ல உட்கார்ந்துகொண்டார். என்னவோ சொல்ல வந்து, குனிந்து வணங்கினார். டீ குடித்தார். போய்விட்டார். பிரவீணாவும் பையனும் ஸ்டேஷன் வரை போனார்கள்.

அவர்கள் போனதும் பிரித்தேன். ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் கஷ்கொட்டை இனிப்பு, பன்னிரண்டு. அது போகட்டும். சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பழந்துணி. கறுப்பென்றே சொல்லலாம், வெளிச்சத்தில் பிடித்தால் நீலம். ஒட்டு மேல் ஒட்டு, எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒட்டின் மேலெல்லாம் வெள்ளை நூலில் தையல். கல்யாணப் பேச்சுக்கு வருகிறவர் கிழிந்து ஒட்டுப்போட்ட கறுப்புத் துணியைக் கொண்டுவந்து வைக்கிறார். அதற்கு நான் விளக்கு வேறு ஏற்றியிருக்கிறேன்.

பிரவீணாவிடம் காட்டவில்லை. துணியைச் சமையல் மேடைக்குக் கீழே வைத்துவிட்டு, இனிப்பு நன்றாக இருந்தது என்றேன். சமயம் வரும்போது எடுத்து அவள் முன்னால் போடுவேன்.

நவம்பர் 8, வெள்ளி

பிரவீணா அப்பாவுக்கு போன் செய்தேன். கடையில் இருந்தார்.

"ஏனுங்க, ஒட்டுப்போட்ட துணியில கட்டிக் கொண்டாந்திருக்கறாங்க. நம்மள என்னன்னு நெனச்சாங்க?"

"அவங்க ஊரு வழக்கம் நமக்கென்ன தெரியும் சாந்தா. புள்ளையக் கேளு."

"கேக்க மாட்டேன்."

"அப்ப என்னையும் கேக்காதே. இங்க ஆளுக நிக்கறாங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த ஆத்திரத்தில்தான் செய்தேன். குக்கரை இறக்கக் கைப்பிடித் துணி வேண்டியிருந்தது. வேறு துணி இல்லாமல் இல்லை. குனிந்து அதையே எடுத்தேன். மூடியைத் திறந்தபோது பருப்பு பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. அதையும் அதாலேயே துடைத்தேன். திருப்பூர் பனியன் வேஸ்ட்டை மெஷின்காரர்கள் துடைப்பதற்கு எடுத்துக்கொள்வதைப் போல.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நல்ல நூல். கையால் நெய்தது. அவ்வளவு பருப்புத் தண்ணீரையும் ஒரே இழுப்பில் உறிஞ்சிக்கொண்டது. கைக்கு அப்படி ஒரு மெதுமை, புதுத் துணிக்கு இது வராது.

நவம்பர் 9, சனி

சச்சியே அம்மாள் எங்களை மியூசியத்துக்கு அழைத்திருக்கிறார். நாளைக்குப் போகிறோம். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். காலையிலும் குக்கரை அந்தத் துணியால்தான் இறக்கினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

விவரமாக எழுத வேண்டும், மனசு நிலைகொள்ளவில்லை.

மியூசியம் என்றால் பெரிய கட்டடம், போலீஸ்காரர், டிக்கெட் வரிசை என்று நினைத்திருந்தேன். இது ஒரு பெரிய குடியானவர் வீடு. வெள்ளைச் சுவர், கனத்த ஓட்டுக்கூரை, வாசலில் செருப்புக் கழற்றும் இடம். காலுறையோடு மரத்தரையில் நடந்தோம். தரை ஜில்லென்று எலும்பு வரை ஏறியது. நடுக்கூடத்தில் சதுரமாய் ஒரு சாம்பல் குழி, மேலே கொக்கியில் தொங்கும் இரும்புக் கெண்டி. சுற்றிலும் கூடை, மண்சாடி, மரக்கரண்டி, வைக்கோலில் பின்னிய மழைச்சட்டை. பாதிப் பொருள்களுக்குக் கண்ணாடிப் பெட்டியே இல்லை. ஒரு முறம் இருந்தது. எங்கள் வீட்டு முறமேதான், ஓரம் கட்டியிருப்பதில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். உட்காருங்கள் என்று ஒரு நாற்காலியைக் காட்டினார் சச்சியே அம்மாள். உட்கார்ந்த பிறகுதான் அதுவும் காட்சிக்கு வைத்தது என்று தெரிந்தது. பதறி எழுந்தேன். அவர் என் தோளைத் தொட்டு மறுபடியும் உட்கார வைத்தார்.

"அம்மா சொல்றாங்க, நாற்காலின்னா உக்காரணுமுங்க" என்றான் யூசுகே. அவர் பேசப் பேச அவன்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். "இதெல்லாம் யாரு செஞ்சதுன்னு தெரியாதுங்க. பேரு போடலை. தெனமும் பொழங்கறதுக்குச் செஞ்சதுங்க."

பெயர் போடாததில் எனக்கு ஆச்சரியமில்லை. என் கடைத் துண்டில் மட்டும் நெய்தவர் பெயர் இருக்கிறதா என்ன. ஆனால் ஒவ்வொன்றையும் அந்த அம்மாள் கையில் எடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. சரக்குத் தெரிந்தவர் எடுக்கிற விதம் அது. ஒரு மண்சாடியைத் திருப்பி, அடியில் விரல் பதிந்த அடையாளத்தைக் காட்டினார். கொஞ்ச நேரம் நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன்.

பிறகு பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார். மங்கலான வெளிச்சம். சுவரெல்லாம் துணி. நீலமும் கறுப்புமாய், ஒட்டுப்போட்டு, வெள்ளைத் தையல் ஓடிய சட்டைகள், போர்வைகள், சதுரத் துணிகள். ஒவ்வொன்றையும் பட்டுப் போலக் கண்ணாடிக்குள் விரித்து மாட்டியிருந்தார்கள். மேடைக்குக் கீழே நான் போட்டு வைத்திருப்பதும் இதே ரகம்தான். மூலையில் ஒரு மூங்கில் கம்பி மட்டும் வெறுமையாக இருந்தது. அடியில் ஒரு சீட்டு.

"இதுல என்ன எழுதியிருக்குது?" என்று கேட்டாள் பிரவீணா. எழுத்து அவளுக்குப் புரியவில்லை, பழங்கால நடையாம்.

"வெளியே போயிருக்குது" என்று படித்தான் யூசுகே.

எங்கே என்றாள் இவள். அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அவர் மெதுவாகச் சொன்னார், அவன் காதெல்லாம் சிவந்துபோய் எங்களிடம் சொன்னான். "வியாழக்கெழமை உங்க வீட்டுக்கு வந்துச்சுங்க. எங்க வீட்டுத் துணி. தொண்ணூறு வருசம். இங்க குடுக்கும்போதே அம்மா ஒண்ணு பேசிக்கிட்டாங்க. எங்க வீட்டுல கல்யாணப் பேச்சு வந்தா இதை வெளியே எடுப்போம், இனிப்பு கட்டிக் கொண்டு போவோம். இனிப்பைக் குடுத்துட்டுத் துணியை மடிச்சு எடுத்துட்டு வந்துருவோமுங்க."

"அப்பறம் ஏன் எடுத்துட்டு வரலை?" என்றாள் பிரவீணா.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்.

"உங்கம்மா சாமி முன்னால வெச்சு வெளக்கு ஏத்தினாங்க. அதை எப்படித் திருப்பிக் கேக்கறதுன்னு சொல்றாங்க. இருக்கட்டுமாம். எத்தனை நாளானாலும் இருக்கட்டுமாம்."

அந்த அறையில் இருந்த ஒவ்வொரு துணியும் என்னையே பார்ப்பது போலிருந்தது. முப்பது வருஷம் துணியோடே பிழைத்தவள், கையில் வாங்கினதும் நூல் இன்னதென்று தெரிந்தவள், அதை எடுத்துப் பருப்புத் துடைத்திருக்கிறேன்.

வீடு திரும்பியதும் பிரவீணா அலமாரியைப் பார்த்தாள். "அந்தத் துணி எங்கம்மா?" மேடைக்குக் கீழே கை நீட்டி எடுத்துக் கொடுத்தேன். மடிப்பெல்லாம் காய்ந்த பருப்பு. நீலத்தில் கறை தெரியவில்லை, வெள்ளைத் தையலெல்லாம் மஞ்சளாகியிருந்தது. பெருங்காய வாசம்.

அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேணும்னேதான செஞ்ச?"

"ஆமா கண்ணு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "நீயே போய் அவங்ககிட்டச் சொல்லிக்க. நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்யாணத்தை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்காது. துணியை இப்படியே கொண்டுபோய் விரித்தால் போதும், அவர்களே வேண்டாம் என்றுவிடுவார்கள். மியூசியத்திலிருந்து திரும்பும்போதே ரயில் முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். சந்தோஷம் வரவில்லை. பயமாக இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

மஞ்சள் கறைக்கு வைத்தியம் சொல்ல ஈரோட்டுக்காரியை விட்டால் யார். சோப்புப் பட்டதும் தையலெல்லாம் குங்குமச் சிவப்பாக மாறியது. ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற பிரவீணா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பயப்படாதே, சோப்புக்கு அப்படித்தான் சிவக்கும், வெயில் எடுத்துக்கொள்ளும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

கசக்கவில்லை, முறுக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் ஆறு முறை அலசினேன். நீலச் சாயம் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அந்தக் காலத்துச் சாயம் அப்படி.

நவம்பர் 12, செவ்வாய்

மேகமூட்டம். வானத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரவீணா சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

நவம்பர் 13, புதன்

வெயில். பால்கனியில் வெயில் நகர நகரத் துணியையும் நகர்த்தினேன். நேராக வெயில் பட்டால் நீலம் வெளுத்துவிடும் என்று தையல் வரிசைகளுக்கு நடுவே காகிதக் கீற்று வெட்டி வைத்து, தையலை மட்டும் வெயிலில் விட்டேன். மூன்று மணிக்குப் பாதி மஞ்சள் போயிற்று. யூசுகே போன் செய்து, ஞாயிறன்று மியூசியத்தில் நடந்ததில் வந்த என் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். இவள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை உன் அம்மாவைப் பார்க்க வேண்டும், கூட்டிப்போகிறாயா என்றேன். அரைநாள் லீவு போடுகிறானாம்.

நவம்பர் 14, வியாழன்

இன்னும் ஒரு நாள் வெயில். ஓரத்தில் ஏழெட்டுத் தையல் மட்டும் மஞ்சளாகவே நிற்கிறது. அதற்கு மேல் என்னால் ஆகாது. பெருங்காய வாசம் போய்விட்டது.

நவம்பர் 15, வெள்ளி

இந்த வருஷத்தில் இவ்வளவு லேசாக நான் மூச்சு விட்ட நாள் வேறு இல்லை. ஆற அமர எழுதுகிறேன்.

காலையில் துணியை இஸ்திரி போடாமல் கையாலேயே நீவி மடித்தேன். பாத்திரமோ பையோ துணியோ, வந்ததை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. பெட்டியைத் துழாவினேன். பிரவீணாவுக்காகக் கொண்டு வந்த கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இருந்தது. ஒரு பொட்டலத்தை நடுவில் வைத்து, அவர் கட்டியிருந்தது போலவே முடிச்சுப் போட்டேன். பிரவீணா பார்த்துக்கொண்டு நின்றாள். கிளம்பும்போது என் ஸ்வெட்டர் பட்டனைச் சரிசெய்தாள்.

ரயிலில் யூசுகேவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்தபடி வந்தேன். அவன் மூட்டையை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மியூசியத்தில் கூட்டமில்லை. சச்சியே அம்மாள் பின்னால் ஆபீஸ் அறையில் எங்களை உட்கார வைத்தார். நான் மூட்டையை நீட்டினேன். வாங்கி, முன்னால் வைத்து, முடிச்சை அவிழ்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அவிழ்த்த முனைகளைப் பிடித்தபடி நடுவிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் தையலைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒப்பித்து வைத்ததெல்லாம் பறந்துபோயிற்று. "என்ற மேலதான் தப்பு" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். பழந்துணி என்று கோபப்பட்டதை, குக்கர் பிடித்ததை, பருப்புத் துடைத்ததை, வேண்டுமென்றே செய்ததை. "புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அவளைத் தப்பா நெனச்சுடாதீங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க."

யூசுகே திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாக அவரிடம் சொன்னான். பருப்பு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியின் ஓரத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அதுவரை அவர் கறையைப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏழெட்டு மஞ்சள் தையலையும் விரலால் தடவி, என்னவோ கேட்டார்.

"என்ன பருப்புன்னு கேக்கறாங்க."

"தொவரம் பருப்பு."

அவர் சிரித்தார். துணியைத் திருப்பி ஒரு ஒட்டைத் தொட்டுக் காட்டினார், இன்னொன்றையும் காட்டினார். "இது ரெண்டும் அம்மா போட்டதுங்க. கல்யாணமாகி வந்த வருசம் இஸ்திரிப் பெட்டியை வெச்சுப் பொசுக்கிட்டாங்களாம். மாமியாருக்குத் தெரியாம இருக்கோணும்னு அவசரமாப் பொசுக்கின எடத்தை வெட்டினப்ப இன்னொரு எடமும் கிழிஞ்சுபோச்சாம். மஞ்சள் எவ்வளவோ மேலுங்கறாங்க."

ஒட்டு என்றாலே எதையோ கெடுத்த பிறகு போடுவதுதானே. இது துணிக்கடைக்காரிக்குத் தோன்றவில்லை. நெஞ்சில் ஐந்து நாளாய் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போயிற்று. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. "அப்பறம் எதைப் பாத்து அப்படி நின்னுட்டாங்க?" என்று கேட்டேன்.

யூசுகே சர்க்கரைப் பொட்டலத்தைப் பார்த்தான். அம்மாவிடம் ஏதோ கேட்டான், அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் சொன்னதை அவன் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அம்மா, ஒண்ணு சொல்லோணுமுங்க. எங்க வீட்டுல ஒரு வழக்கம் இருக்குது. பொண்ணு வீட்டுல தங்கிட்ட துணி வெறுமையாத் திரும்பி வந்தா, வேண்டாம்னு அர்த்தமுங்க. உள்ளே ஏதாச்சும் வெச்சு வந்தா, சம்மதம்னு அர்த்தம். உங்களுக்கு இது தெரியாது. சொன்னா உங்களைக் கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும்னு அம்மா சொல்ல வேண்டாம்னாங்க. பிரவீணாகிட்டக்கூட நான் சொல்லலை. தெரியாம வெச்சது செல்லாதுங்க. நீங்க நல்லா யோசிச்சு, ஊருக்குப் போயிக்கூடச் சொல்லுங்க."

சொல்லி முடித்துவிட்டுக் கையை முட்டியின் மேல் வைத்துக்கொண்டான். என் கடையில் யாராவது தெரியாமல் ஒரு கட்டுச் சரக்கை அதிகமாக இறக்கிவிட்டுப் போனால், கூப்பிட்டுச் சொல்வேனா என்று யோசித்தேன். சொல்வேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இவன் சொல்கிறான். சொல்லாமலிருந்தால் எல்லாம் அவன் பக்கம் முடிந்திருக்கும்.

சச்சியே அம்மாள் என்னைப் பார்க்காமல் துணியையே நீவிக்கொண்டிருந்தார்.

"சாமி" என்றேன். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தெரிஞ்சுதான் வெச்சேன்னு உங்கம்மாட்டச் சொல்லு."

அவன் அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு சொன்னான். அந்த அம்மாள் இரண்டு கையையும் தரையில் ஊன்றி என்னை வணங்கினார், நானும் முட்டி வலியைப் பார்க்காமல் அவரைப் போலவே வணங்கினேன். எழுந்திருக்க மாப்பிள்ளைதான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

மியூசியத்துக்குள் சர்க்கரை வைத்தால் எறும்பு வரும் என்று சச்சியே அம்மாள் அதை அவசரமாய் டப்பாவில் போட்டு வெளியே எடுத்துப்போனார். திரும்பி வந்து, துணியைக் கண்ணாடிக்குள் மாட்டி, அந்தச் சீட்டை எடுத்தார். மஞ்சள் தையல் வெளியே தெரிகிற மாதிரிதான் மாட்டினார். நான் மறைக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து பிரவீணாவுக்கு போன் செய்தேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்பாவிடம் நாள் பார்க்கச் சொன்னேன். "என்ன சாந்தா, நிறுத்தறதுக்குன்னு போன" என்றார். ஆளுக நிக்கறாங்க, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த அம்மாளிடம் நான் சொன்னது பொய். சர்க்கரையைத் தெரியாமல்தான் வைத்தேன். யாரும் படிக்காத இந்த டைரியில் மட்டும் அதை ஒத்துக்கொள்கிறேன். தெரிந்திருந்தால் இரண்டு பொட்டலமாக வைத்திருப்பேன்.